காசு நிறுக்கத் தராசு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே வெள்ளி ரூபாயை ஒரே சாயங்காலத்தில் நான்கு தராசுகளில் வைத்துப் பார்த்தேன். ‘எம்ப்ரஸ்’ எழுத்துள்ள விக்டோரியா காசு. சமையலறைத் தராசு 12 என்றது. பாக்கெட் தராசு 11.49 என்றது. எத்தனை முறை வைத்தாலும் அதே 11.49. ‘மூன்று தசமத் துல்லியம்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய இன்னொரு குட்டித் தராசு முதலில் 11.583 காட்டியது, எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் 11.561, மின்விசிறியைப் போட்டதும் எண் நிற்கவே இல்லை. கடைசியாகத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவரிடம் போய், அவருடைய முத்திரை போட்ட தராசில் வைத்தேன். 11.550. எடுத்து வைத்த மூன்று முறையும் 11.550.

இதில் எனக்கு எரிச்சல் வந்தது மூன்று தசமத் தராசின் மேல்தான். 11.49 காட்டியதும் தப்புதான், ஆனால் மாறாத தப்பு. அதைத் திருத்த முடியும், பிறகு திருத்தவும் செய்தேன். கணத்துக்கு ஒரு எண் காட்டும் தராசை எதைக் கொண்டு திருத்துவது?

காசு சேர்ப்பவர்கள், வீட்டில் பழைய வெள்ளிக் காசோ பவுனோ வைத்திருப்பவர்கள், சந்தையில் வாங்குமுன் ஒரு முறை நிறுத்துப் பார்க்க நினைப்பவர்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். என் வழக்கம் இதுதான்: முதலில் காசைப் பார்ப்பது, பிறகு தராசைத் தேர்ந்தெடுப்பது, அதன் பிறகு அந்தத் தராசையே சோதிப்பது. பலரும் நடுவில் உள்ளதை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

படி 1: எந்தக் காசு, என்ன சந்தேகம்?

‘நல்ல தராசு எது?’ என்ற கேள்விக்கு எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

இன்றைய ஒரு ரூபாய்க் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் நிக்கலில் வந்தது 10 கிராம். 1975-இல் செம்பு நிக்கலில் 8 கிராம், 1983-இல் 6 கிராம். 1992-இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறி 4.85. 2011-இல் 3.79. 2019 வரிசையில் 3.09. ரூபாயின் மதிப்பு இளைத்த கதையை விலைவாசியில் பார்க்க வேண்டியதில்லை, தராசிலேயே பார்த்துவிடலாம். இந்தக் காசுகளைப் பிரித்தறிய 0.1 கிராம் காட்டும் தராசே தாராளம். 20 ரூபாய்க் காசு 8.54 கிராம், அதில் போலியைத் தேடுவதென்றால் 0.01 வேண்டும்.

ரோமானிய தெனாரியஸ் கதையும் இப்படித்தான். கரூர், கோவைப் பக்கம் புதையல்களில் கிடைத்த அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் ஒரு ரோமன் பவுண்டில் 84 என்ற கணக்கில் அடித்தவை, ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 64 வாக்கில் நீரோ அதை 96 ஆக்கினான், எடை 3.4 பக்கம் இறங்கிவிட்டது. அரை கிராம் வித்தியாசத்தைச் சாதாரணத் தராசே சொல்லிவிடும்.

வெள்ளி ரூபாய்க்கு வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயின் எடையை 180 கிரெயின் என்று நிர்ணயித்தது. அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு இதைவிடக் குறையும். 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ரூபாய்க்கு இரண்டு சதவீதத் தேய்மானம்வரை அனுமதித்தது. அந்தக் கணக்கில் 11.43 வரை செல்லும் காசு. ஆக, இங்கே நமக்கு வேண்டிய இடைவெளி 0.23 கிராம். 0.01 தராசில் அது 23 படிகள் (திரையில் கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தால் ஒரு படி). போதும்.

பவுனில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ‘சவரன்’ என்ற சொல்லே ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்கக் காசிலிருந்து வந்ததுதான். ஆனால் நகைக்கடைச் சவரன் 8 கிராம். உண்மையான காசு 7.988 கிராம். பாட்டி கொடுத்த ஜார்ஜ் தலைப் பவுன் 7.99 காட்டியதும் ‘சுரண்டிவிட்டார்கள்’ என்று அடகுக்கடையில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். சுரண்டவில்லை, காசே அவ்வளவுதான். 1870-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப்படி புதுக் காசில் ஏறவோ இறங்கவோ அனுமதித்தது 0.013 கிராம் மட்டுமே. தேய்ந்து தேய்ந்து 7.938-க்குக் கீழே போனால் அது செல்லாது. தரமான எடைக்கும் செல்லாத எடைக்கும் நடுவில் 0.05 கிராம்தான். 0.01 தராசில் அது ஐந்தே படி. பவுன் அடிக்கடி வாங்குபவர் 0.001-க்குப் போவதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் நான்கு பவுனைப் பார்க்க மட்டும் என்றால், ஒழுங்காகச் சரிபார்த்த 0.01 போதும்.

கடைசியில் தங்கப் பணம், அதாவது பழைய காலத்துக் குட்டித் தங்கக் காசு. மிளகு அளவு, எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி. இதற்கு 0.1 தராசு 0.3 என்றோ 0.4 என்றோதான் சொல்லும். அதைக் கேட்பதும் ஒன்றுதான், கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். 0.01-இலும் 0.34, 0.35 என்று தள்ளாடும். இந்தத் தங்கப் பணம் சேர்ப்பவர்களுக்கு மட்டுமே உண்மையில் 0.001 தேவை.

(அந்தக் காலத்தில் இதைக் குன்றிமணியால் நிறுத்தார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம், ஆனால் விதைக்கு விதை மாறும். ஒரு கை குன்றிமணியை நல்ல தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.)

என் கணக்கு ஒன்றே: பிடிக்க வேண்டிய வித்தியாசம் தராசின் குறைந்தபட்ச எண்ணைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஐந்து மடங்கு என்றால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் ஊகம்தான்.

படி 2: திரையில் தெரியும் தசமம் துல்லியம் ஆகாது

தராசு எத்தனை தசமம் காட்டுகிறது என்பது ஒன்று. அது காட்டுவது உண்மையா என்பது வேறு. ஒரே காசுக்குத் திரும்பத் திரும்ப ஒரே எண்ணைச் சொல்கிறதா என்பது மூன்றாவது. காசுக்காரருக்கு இந்த மூன்றாவதுதான் உயிர்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. தராசின் அதிகபட்ச எடையைக் குறைந்தபட்ச எண்ணால் வகுத்துப் பாருங்கள். 100 கிராம், 0.01 என்றால் 10,000 படிகள். 50 கிராம், 0.001 என்றால் 50,000 படிகள். கடைத்தெருவில் காய்கறி நிறுக்கும் மூன்றாம் வகுப்புத் தராசுக்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் உச்சமே 10,000 படிகள்தான். நகைக்கடைகளில் இருக்கும் இரண்டாம் வகுப்புக்கு ஒரு லட்சம்வரை. சில நூறு ரூபாய்க்கு வரும் உள்ளங்கை அளவுத் தராசு 50,000 படி காட்டுகிறது என்றால், அந்தக் கடைசி இலக்கம் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

உள்ளே இருக்கும் பொருளும் காரணம். மலிவுத் தராசில் ஒரு சின்ன அலுமினியக் கட்டை இருக்கும், லோடு செல் என்பார்கள். எடை வைத்தால் அது இம்மி வளையும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டைகள் நீண்டு அவற்றின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. அறை சூடானால் கட்டையும் பட்டையும் மாறும், எண்ணும் நகரும். ஆய்வகத் தராசில் வளைவதற்கு ஒன்றுமில்லை. மின்காந்தம் ஒன்று தட்டைத் தாங்கிப் பிடிக்கிறது, பிடிக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்று அளக்கிறது. துல்லியம் அதிகம், விலையும் பல ஆயிரம். நம்மில் பெரும்பாலோருக்கு நல்ல லோடு செல் தராசு போதும். என் சிபாரிசு: வெள்ளி ரூபாயும் பவுனும்தான் உங்கள் பெட்டியில் என்றால், தெரிந்த பெயருள்ள 100 அல்லது 200 கிராம், 0.01 தராசு வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல எடைக்கல் வாங்குங்கள்.

படி 3: கையில் எடுத்துப் பாருங்கள்

நல்ல தராசின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு தகடு இருக்கும். அதில் அதிகபட்சம், குறைந்தபட்சம், பிறகு ஆங்கிலச் சிறிய எழுத்தில் டி, ஈ என இரண்டு மதிப்புகள் எழுதியிருக்கும். டி என்பது திரை நகரும் படி. ஈ என்பது சரிபார்ப்புக்கு அடிப்படையான படி. ஈ பெரும்பாலும் டி-யைவிடப் பெரியதாக இருக்கும். ‘திரையில் இவ்வளவு காட்டுவேன், ஆனால் பொறுப்பேற்பது இவ்வளவுக்குத்தான்’ என்று அர்த்தம். குறைந்தபட்சம் என்ற எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே உள்ள எடையில் பிழையின் பங்கு அதிகமாகிவிடும். இந்தத் தகடே இல்லாத தராசு வேடிக்கைக்குச் சரி.

தட்டு வெள்ளி ரூபாய் நன்றாக உட்காரும் அளவில் இருக்க வேண்டும். அது 30 மில்லிமீட்டருக்கு மேல் அகலம்; சில வைரத் தராசுகளின் கிண்ணத்தில் சாய்ந்து நிற்கும். 0.001 என்றால் காற்று மூடி கட்டாயம். மட்டம் பார்க்கும் குமிழும் திருகும் காலும் இருந்தால் நல்லது. பேட்டரி மட்டும் போதாது, அடாப்டரிலும் ஓட வேண்டும்; பேட்டரி இறங்கும்போது எண்ணும் நகரும் தராசுகள் உண்டு. தானாக அணைவதை நிறுத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நீர்ச் சோதனை (படி 8) செய்யும்போது பாதியில் அது அணைந்தால் வரும் கோபத்தை எழுத முடியாது.

அலகு பொத்தானில் ஒரு கண்ணி உண்டு. கிராம், காரட், கிரெயின், அவுன்ஸ் என்று சுற்றி வரும். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம், தங்க வெள்ளிக்கான டிராய் அவுன்ஸ் 31.10. ‘டிஎல்’ என்று வருவதைத் தோலா என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஹாங்காங்கின் தேல், 37 கிராமுக்கு மேல். கிராமிலேயே நில்லுங்கள்.

படி 4: எடைக்கல்

பாக்கெட் தராசின் 11.49-க்குத் திரும்புகிறேன். தராசோடு ஒரு பளபள 100 கிராம் கல்லும் இலவசமாக வந்திருந்தது. வாங்கிய அன்றே அதை வைத்து காலிபரேஷன் செய்திருந்தேன், அதாவது ‘இதுதான் நூறு கிராம்’ என்று தராசுக்குக் காட்டிச் சரிசெய்திருந்தேன். நகைக்கடையில் அந்தக் கல்லையும் நிறுத்துப் பார்த்தோம். 100.52. நூறுக்கு மேல் அரை கிராம் அதிகம். அதை நூறு என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதால், அது எல்லாவற்றையும் அரை சதவீதம் குறைத்தே காட்டிக்கொண்டிருந்தது. 11.55 இருந்த இடத்தில் 11.49. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. தராசின் மேல் குற்றமில்லை, கற்றுக்கொடுத்தவன்தான் தப்பாகக் கற்றுக்கொடுத்தான்.

எடைக்கல்லுக்கு உலக அளவில் வகுப்புகள் இருக்கின்றன. மேலிருந்து கீழாக ஈ1, ஈ2, எஃப்1, எஃப்2, எம்1, எம்2, எம்3. 100 கிராம் கல்லில் எம்1 என்றால் பிழை 5 மில்லிகிராமுக்குள், எஃப்2 என்றால் 1.6, எஃப்1 என்றால் 0.5. 0.01 தராசுக்கு எம்1 போதும். 0.001 தராசுக்கு எஃப்2-வாவது, முடிந்தால் எஃப்1. வாங்கும்போது வகுப்பின் பெயரும் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘துல்லியமான கல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு கல் போதாது. தராசு கேட்கும் காலிபரேஷன் கல் ஒன்று, காசின் எடைக்குப் பக்கத்தில் 10 கிராம் கல் ஒன்று. நூறில் சரியாக இருக்கும் தராசு பத்தில் சரியாக இருக்கும் என்று கட்டாயம் இல்லை. நம் காசுகள் எல்லாம் பத்தைச் சுற்றித்தானே இருக்கின்றன. கல்லை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெயும் எடைதான். நுனியில் பிளாஸ்டிக் போட்ட இடுக்கி போதும்.

புதுக் காசையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அச்சடிக்கும்போதே காசுக்குக் காசு ஏற்ற இறக்கம் உண்டு.

காலிபரேஷனை உங்கள் ஊரில், உங்கள் மேஜையில் செய்ய வேண்டும். லோடு செல் உண்மையில் உணர்வது பூமி இழுக்கும் விசையைத்தான், அந்த விசை இடத்துக்கு இடம் மாறுகிறது. லண்டனில் புவியீர்ப்பு முடுக்கம் 9.812, சென்னையில் 9.783. லண்டனில் சரிசெய்த தராசை அப்படியே சென்னையில் வைத்தால் 7.988 கிராம் பவுன் 7.964 என்று காட்டும். டெல்லியிலிருந்து வந்த தராசில் வித்தியாசம் சின்னது. வெள்ளி ரூபாய்க்கு ஒரு 0.01. வெளிநாட்டு மச்சான் கொண்டுவந்த தராசு என்றால் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை இதுதான்.

படி 5: வீட்டில் ஒரு மணி நேரச் சோதனை

திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். தராசைக் கனமான மேஜையில், மட்டமாக, மின்விசிறியும் ஏசியும் அணைத்து வையுங்கள். போட்டுவிட்டு இருபது நிமிடம் சும்மா விடுங்கள். காலிபரேஷன் செய்யுங்கள். பிறகு:

10 கிராம் கல்லைப் பத்து முறை வைத்து எடுங்கள், ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் நடுவில் ஒரு படி வித்தியாசம் என்றால் பிரமாதம், இரண்டு படி என்றால் பரவாயில்லை. நான்கைந்து படி அலைகிறது என்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். இதில் ஒரு தந்திரத்துக்கும் உஷாராக இருங்கள்: சில மலிவுத் தராசுகள் முந்தைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் வந்தால் அதையே காட்டிவிடும். அதனால் நடுநடுவே வேறு ஒரு காசை வைத்து எடுங்கள்.

அதே கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் எண் மாறினால் இனிமேல் எப்போதும் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டீர்கள்.

பிறகு காகிதச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இது. 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 75 கிராம்) வெள்ளைத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். அதன் எடை 0.03 கிராம். காலித் தட்டில் மெதுவாக வையுங்கள். பல தராசுகள் 0.00-இலேயே நிற்கும்! பழுதல்ல. சுழியம் நகராமல் இருக்கச் சின்ன எடையை ‘தூசி’ என்று ஒதுக்கிவிடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். இப்போது 10 கிராம் கல்லை வைத்து, அதன் மேல் அந்தக் காகிதத்தை வையுங்கள். 10.03 வர வேண்டும். அப்படியும் வராவிட்டால் அந்தத் தராசுக்கு இரண்டாம் தசமம் பெயருக்குத்தான். பாட்டரிக் குட்டித் தராசுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் மாட்டும் என்பது என் அனுபவம்.

தங்கப் பணம் நிறுக்கும் வழியும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. பணத்தைக் காலித் தட்டில் வைக்காதீர்கள். 10 கிராம் கல்லை வைத்து எண்ணைக் குறியுங்கள், டேர் (திரையைச் சுழியமாக்கும் பொத்தான்) அழுத்த வேண்டாம். பணத்தை மேலே வையுங்கள். இரண்டையும் கழித்தால் பணத்தின் எடை.

படி 6: காசை நிறுத்தல்

இதில் சொல்ல அதிகமில்லை. காசை உறையிலிருந்து எடுங்கள், விளிம்பைப் பிடியுங்கள், நடுவில் வையுங்கள், எண் நின்ற பிறகு இரண்டு நொடி பொறுங்கள். மூன்று முறை நிறுத்து நடு எண்ணை எடுங்கள். முடிவில் 10 கிராம் கல்லை இன்னொரு முறை வைத்து, தராசு இடையில் நகரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நிறுக்குமுன் புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எடையும் போகும், விலையும் போகும்.

படி 7: எண் என்ன சொல்கிறது?

எழுத்தெல்லாம் மழுங்கிய ரூபாய் 11.4 காட்டினால் இயல்பு. தலைமுடி இழை இழையாகத் தெரியும் புத்தம்புதுக் காசு 11.2 காட்டினால் சந்தேகப்படுங்கள். தேய்மானமும் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எடை கூடுதலாக இருப்பது இன்னும் பெரிய எச்சரிக்கை. காசு தேயும், வளராது. பவுன் ஒன்று 8.05 காட்டினால், காது வைத்துப் பதக்கமாக்கிய தடம், பற்றுவைத்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எடை சரியாக இருப்பதால் மட்டும் காசு நல்லதாகிவிடாது. 1939 ரூபாய் அரிது என்பதால் பக்கத்து ஆண்டுக் காசில் எண்ணைத் திருத்திச் செய்த போலிகள் ஏராளம். எடை அச்சு அசலாக இருக்கும். ராமர் சீதை, அனுமன் உருவத்தோடு 1818 என்று போட்டு வரும் ‘கம்பெனிக் காசு’ என்ன எடை காட்டினாலும் கம்பெனி அடித்ததல்ல. அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது வந்தால் தராசை எடுக்கவே வேண்டாம், கதவைச் சாத்துங்கள்.

படி 8: அதே தராசில் நீர்ச் சோதனை

0.01 தராசை வாங்கியவர்கள் பாதிப் பயனைத்தான் எடுக்கிறார்கள். மீதிப் பாதி இங்கே இருக்கிறது.

1939 வரை வந்த வெள்ளி ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். போர்க்காலத்தில், 1940 முதல், அதைப் பாதியாக்கினார்கள். ஆனால் எடை அதே 11.66. தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றே. வெள்ளி மட்டும் ஏறக்குறைய பாதி. ஆண்டு தெளிவாகத் தெரிந்தால் சரி, ஆண்டையே திருத்தியிருந்தால்?

ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து டேர் அழுத்துங்கள். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் நடுங்கும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, நடுவில் ஒரு பென்சிலைப் போட்டு அதில் நூலைக் கட்டுங்கள். காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் எண் ஏறும், அதனால் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். திரையில் வரும் எண் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

91.7 சதவீத வெள்ளியின் அடர்த்தி 10.3 பக்கம். 11.66 கிராம் ரூபாய் 1.13 கிராம் தண்ணீரை ஒதுக்கும். பாதி வெள்ளிக் காசின் அடர்த்தி 9.5 பக்கம், அது 1.22 ஒதுக்கும். ஒன்பது படி வித்தியாசம், 0.01 தராசு தெளிவாகவே பிடிக்கிறது. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் போலி என்றால் 1.34 பக்கம் போய்விடும்.

பவுனில் விளிம்பில்தான் நடக்க வேண்டும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17.5 பக்கம், காசு ஒதுக்குவது 0.46 கிராம் தண்ணீர்தான். 0.01 தராசில் ஒரு படி தவறினாலே அடர்த்தி 17.0 என்றோ 17.8 என்றோ ஆகிவிடும். பித்தளைப் போலியை (0.9-க்கு மேல் வரும்) உடனே பிடிக்கலாம், 18 காரட்டை (0.52 பக்கம்) கவனமாகப் பலமுறை செய்து பிடிக்கலாம். அதைவிட நுணுக்கம் வேண்டுமென்றால் 0.001 வேண்டும். தங்கப் பணத்துக்கு நீர்ச் சோதனை வீண். அது ஒதுக்கும் தண்ணீர் இரண்டு படி அளவுதான். இன்னொன்று: லெபனானின் பெய்ரூத்தில் நல்ல தங்கத்திலேயே போலி பவுன் அடித்த காலம் ஒன்று உண்டு. எடையும் அடர்த்தியும் அங்கே ஒன்றும் சொல்லாது. அங்கே பூதக்கண்ணாடியும் பழகிய கண்ணும்தான்.

படி 9: விற்கவும் வாங்கவும் செய்கிறீர்களா?

உங்கள் சேகரிப்புக்கு எந்தத் தராசும் வைத்துக்கொள்ளலாம். அதில் நிறுத்து, எடைக்கு விலை போட்டு விற்றால் கதை வேறு. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வணிகத்துக்கான தராசு சரிபார்த்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரை. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்த்துக்கொள்கிறது. பாக்கெட் தராசுக்கு அந்த முத்திரை கிடைக்காது. பெட்டியிலேயே ‘வணிகத்துக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நகைக்கடையில் உங்கள் காசை நிறுக்கும்போது முத்திரையின் ஆண்டைப் பார்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தட்டு காலியாக இருக்கும்போது திரை சுழியத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். அங்கே மில்லிகிராமை ‘மில்லி’ என்பார்கள்: ‘பதினொன்னு ஐந்நூத்தம்பது மில்லி’ என்றால் 11.550 கிராம்.

வைத்துக்கொள்வதில் இரண்டே விஷயம். தட்டின் மேல் எதையும் வைத்தபடி அலமாரியில் போடாதீர்கள், லோடு செல் வளைந்தே பழகிவிடும். மாதக்கணக்கில் எடுக்கமாட்டீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் தராசே போய்விடும்.

நான் ஒவ்வொரு காசின் அட்டை உறையிலும் எடை, தேதி, எந்தத் தராசு என்று பென்சிலில் எழுதிவைக்கிறேன். அந்த விக்டோரியா ரூபாயின் உறையில் இப்போது ‘11.55, பாக்கெட் தராசு, புதுக் கல்லுக்குப் பிறகு’ என்று இருக்கிறது. பழைய 11.49-ஐ அழிக்கவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். 11.550 என்று எழுதவும் இல்லை. அந்தக் கடைசிச் சுழியத்தைச் சொன்னது நகைக்கடைத் தராசு, என்னுடையது அல்ல.